சீனக் கவிராயர் இருவரும் நான் மாற்றிய நடுத்தாளும்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை.

ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பேரோடு படுத்து எழும்பியவன். பகலில் ஒரு போர்த்துக்கீசக்காரருடைய அச்சகத்தில் கூட்டித் துடைத்து, அங்கேயே மெசின் ஓட்டப் பழகி, ஐந்தாம் வருடம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் சொந்த மெசின் போட்டவன். பாங்க் இரண்டு தரம் இல்லையென்றது. மெசினை ஏற்றிவந்த லொறிக்காரன் கதவுக்குள் போகாது என்றான். கதவைக் கழற்றி, நிலையையும் கழற்றி, மெசினை உள்ளே விட்டுவிட்டுச் சுவரை நானே திரும்பக் கட்டினேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஆள் கிடைக்காத நாளில் எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டிக் கலியாணக் கார்ட் அடித்தேன். அரங்கேற்ற மலர், தேர்த்திருவிழா நோட்டீசு, முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என்று இந்த நகரத்துத் தமிழர் கையில் எடுத்த கடதாசியில் பாதி என் மெசினில் ஓடியது. கவிதைப் புத்தகம் மட்டும் நாற்பதுக்கு மேல். அதில் எத்தனை எனக்கு விளங்கியது என்று கேட்காதீர்கள். சீனமொழியில் புத்தகம் அடித்த தமிழன் இந்த நகரத்தில் என்னைத் தவிர வேறு ஆர் இருந்தாலும் வந்து சொல்லட்டும், பார்ப்போம்.

இவ்வளவும் எழுதக் காரணம் இருக்கிறது. அச்சுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லாரும் சேர்ந்து மலர் போடுகிறீர்கள். நல்ல காரியம். என்னைப் பற்றி அதில் வரப்போவதை எனக்கு அனுப்பினீர்கள். ஒரு வரி: "ஸ்காபரோவின் ஆரம்பகால அச்சகம் ஒன்றை நடத்தியவர்." நடத்தியவர்! கடை நடத்துகிறவனும் நடத்துகிறவன்தான், கார்ப் பார்க் நடத்துகிறவனும் நடத்துகிறவன்தான். அதோடு ஒரு துண்டில் "உங்கள் அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள்" என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். மெசின் எப்படி ஓட்டுவது என்று எழுதப்போவதில்லை, அது இப்போது வேறு மெசின். பிழை வந்த நேரத்தில் என்ன செய்வது என்று எழுதுகிறேன். அது மாறவில்லை.

போர்த்துக்கீசக்கார முதலாளியிடமிருந்து தொடங்கவேண்டும். நான் மெசினுக்கு வந்த இரண்டாம் மாதம், ஒரு மாதா கோயில் கொண்டாட்டத்துக்கு அடித்த தாளில் மாதாவின் முகத்துக்கு மேலே மையில் ஒரு கீறல் விழுவதைக் கண்டேன். பயந்துபோய் முதலாளியின் அறைக்கு ஓடி, தெரிந்த இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல இங்கிலீசு அதுதான். இரண்டு மூன்று விதமாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலால் மெசினைப் பார்த்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்ட நேரத்துக்குள் இன்னும் முந்நூறு மாதாவுக்கு முகத்தில் கீறல் விழுந்துவிட்டது.

"முதல்ல மெசினை நிப்பாட்டு. மன்னிப்பைப் பிறகு கேக்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஏசவில்லை, சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. அந்த வசனத்தின் முதல் பாதியை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் பாதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனிச் சீனர் கதை. ஹொங்கொங் வெள்ளைக்காரனிடமிருந்து சீன அரசுக்குக் கைமாறிய வருடம் அது. கைமாற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எங்கள் பிளாசாவின் முன்பக்கத்தில் ஒரு சீன மருந்துக்கடை. காய்ந்த வேர், பட்டை, கடற்குதிரை என்று கண்ணாடிப் போத்தல் போத்தலாக அடுக்கி வைத்திருப்பார். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். மெலிந்த மனிசன், சிரிக்கமாட்டார். அவர் பெரிய கவிராயர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அவரும் இன்னும் நாற்பது ஐம்பது கிழவர்களும் சேர்ந்து ஒரு கவிதைச் சங்கம் வைத்திருந்தார்கள். புதுக்கவிதை இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய சட்டப்படி, வரிக்கு இத்தனை எழுத்து, எட்டு வரி என்று எழுதுகிற பழைய கவிதை. வருடத்துக்கு ஒரு புத்தகம், முந்நூறு பிரதி. பக்கத்தில் இருக்கிறேன் என்றும் குறைத்துக் கேட்பேன் என்றும் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் மிஸிஸ் லீ. பாங்கில் வேலை செய்து ஓய்வுபெற்றவ, இங்கிலீசு நன்றாகக் கதைப்பா. எனக்கு விளங்கியதெல்லாம் அவ சொல்லி விளங்கியது.

அந்தச் சங்கத்துக்கு எட்டு வருடமாக மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். அந்தப் பனிக்காலக் கூட்டத்தில் ஆட்கள் கையை உயர்த்தி வேறு ஒருவரைத் தலைவராக்கிவிட்டார்கள். ஹொங்கொங்கிலே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, இங்கே டோர்செட் பார்க் பகுதியில் மகளோடு வந்திருந்தவர். உருண்டையான, பகிடி விடுகிற மனிசன். இரண்டு பேருக்கும் முதலே ஆகாது. இவர் எழுதினால் அவர் குறை பிடிப்பார், அவர் எழுதினால் இவர் கொட்டாவி விடுவார்.

பதவி போன கோபத்தில் மருந்துக்கடைக்காரர் ஒரு கவிதை எழுதினார். நேரே திட்டவில்லை. அவர்களுடைய வழக்கம் ஒன்று இருக்கிறது. பழைய காலத்தில் அரசன் ஒரு மந்திரியைத் தள்ளிவைத்தால், மந்திரி "அரசே, அநியாயம்" என்று எழுதமாட்டானாம். எழுதினால் தலை போகும். புருஷன் கைவிட்ட பெண்சாதி புலம்புகிற மாதிரி எழுதுவானாம். புருஷன் என்றால் அரசன், பெண்சாதி என்றால் மந்திரி. படிக்கிறவனுக்கு விளங்கும், பிடிக்கிறவனுக்குப் பிடி கிடைக்காது. அப்படி இவரும் எழுதினார்: எட்டு வருடம் இந்த வீட்டு விளக்குக்குத் திரி போட்டேன், இன்றைக்கு வாசலில் புதுப்பெண்ணின் பல்லக்கு வருகிறது, என் சீப்பு எங்கே என்று கேட்க ஆளில்லை. இப்படிப் போகும்.

இதற்கு வாத்தியார் பதில் எழுதினார். பதிலுக்கும் சட்டம் உண்டு. எங்கள் ஆட்கள் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்களே, அந்த மாதிரி. முதல் பாட்டில் எந்த எந்த வரி எந்த எழுத்தில் முடிந்ததோ, பதில் பாட்டிலும் அதே எழுத்து அதே வரிசையில் முடியவேண்டும். கையைக் கட்டிவிட்டு மல்லுக்கு விடுகிறது. வாத்தியார் அந்தப் புதுப்பெண்ணின் வாயால் பேசினார்: நான் கேட்டு வந்த வீடா இது? பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து பார்த்தால் சோறு ஆறிக் கிடக்கிறது. பிறந்த வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதாவது, "தலைவர் பதவி வேண்டுமென்று நான் கேட்கவில்லை, நீ விட்டுப்போன சங்கத்திலே ஒரு சூடும் இல்லை" என்று குத்து.

சங்கத்தில் எல்லாரும் சிரித்தார்களாம். மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

வழக்கப்படி வாத்தியார் தன் பாட்டுக்கு மேலே "இன்னாருக்குப் பதில்" என்று தலைப்புப் போடவேண்டும். அந்த மனிசன் போடமாட்டேன் என்று நின்றுவிட்டார். போட்டால் எதிரியின் பேர் தன் பாட்டுக்கு மேலே வருமாம். ஆகவே எது முதல், எது பதில் என்பதை இரண்டு பாட்டும் நிற்கிற இடம் மட்டும்தான் சொல்லும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸிஸ் லீ இரண்டு பாட்டையும் புத்தகத்தின் நட்ட நடுவில், எதிரெதிர்ப் பக்கத்தில் போடச் சொன்னா. "எல்லாரும் முதல் அதைத்தான் திறப்பினம்" என்றா. புத்தகம் முழுவதும் பக்கம் பக்கமாக, அச்சுக்குப் படம்பிடிக்கிற தடித்த அட்டையில் ஒட்டி வந்தது, சரிபார்க்கப் புரூவ் காட்டினேன், கையெழுத்து வாங்கினேன். சீனப் புத்தகம் எங்கள் புத்தகத்தின் கடைசி அட்டையிலிருந்து திறக்கும், வலக்கைப் பக்கம்தான் முதல் பக்கம் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சிவத்துக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சிவம் என் மெசின்காரன்.

புதன்கிழமை பின்னேரம் வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தன் பாட்டின் மூன்றாம் வரியை மாற்றிவிட்டாராம். ஐந்தாம் தரம் மாற்றுகிறார். புதிதாக அடித்த தாளைத் தந்தார். பழைய அட்டையைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்த மற்றப் பாட்டும் கிழிந்து வந்துவிட்டது. சரி, இரண்டையும் நானே புதிதாக ஒட்டிவிடலாம் என்று மிஸிஸ் லீக்குப் போன் எடுத்து எது முதல் என்று கேட்டேன். "முதலாவது மருந்துக்கடைக்காரர், இரண்டாவது வாத்தியார்." தாள்களின் பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று பென்சிலால் எழுதினேன். பிறகு ஒன்றை இடக்கைப் பக்கம் ஒட்டினேன். இரண்டை வலக்கைப் பக்கம் ஒட்டினேன்.

ஏன் என்று கேட்டால், என் கை தமிழ்க் கை. பத்து வருடத்துக்கு மேல் இடமிருந்து வலமாக ஒட்டிய கை. மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. பக்க இலக்கத்தையும் அதற்கேற்றபடி கீழே ஒட்டினேன், பிழைக்கு முத்திரை குத்தின மாதிரி. ஒரு வரிதானே மாறியது என்று திரும்பப் புரூவ் காட்டவும் இல்லை.

சனிக்கிழமை காலை புத்தகம் முந்நூறும் நடுவில் பின் குத்தி, வெட்டி மேசையில் இருந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஒரு சீன உணவக மண்டபத்தில் வெளியீடு. சிவம் மெசினில் கோயில் தேர் நோட்டீசு ஓட்டிக்கொண்டிருந்தான். கோயில்காரர் நாலு மணிக்கு எடுக்க வருவார்கள். பைண்டிங் மேசையில் பிலோமினா. மன்னாரிலிருந்து வந்த மனிசி, என்னிடம் ஆறு வருடம் வேலை செய்தவ. புத்தகத்தைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தா.

மருந்துக்கடைக்காரர் வந்து ஒரு பிரதியை எடுத்தார். நடுப்பக்கம் தானாக விரிந்தது. பார்த்தார். புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். அவருக்கும் ஓட்டை இங்கிலீசு, எனக்கும் ஓட்டை இங்கிலீசு. நடந்த பேச்சை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அவன் உனக்கு என்ன தந்தவன்?"

"ஆர்? என்ன தந்தது?"

"வாத்தி. அவன்ர பாட்டு முன்னுக்கு நிக்குது. என்ர பாட்டு பின்னுக்கு நிக்குது. முதல் எழுதினவன் நான். இதைப் பாக்கிறவன் என்ன சொல்லுவான்? கிழவன் வாத்தியின்ர எழுத்தைக் கடன் வாங்கிக்கொண்டு பின்னால ஓடினவன் எண்டு சொல்லுவான். என்னைக் கொண்டுபோய் அவனுக்குக் கீழ இருத்திப்போட்டாய்."

"இல்லையே, உங்கட பாட்டு இடக்கைப் பக்கம், அவற்ற பாட்டு வலக்கைப் பக்கம், சரியாத்தானே..." என்று தொடங்கியவன் பாதியில் நின்றேன். சீனருக்கு வலக்கைப் பக்கம்தான் முதல் பக்கம்.

அந்த இடத்தில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "அட்டை அப்பிடித்தான் ஒட்டி வந்தது. எனக்குச் சீனம் தெரியாது" என்றேன்.

பிலோமினா கட்டுகிற நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. தமிழில் மெதுவாகக் கேட்டா: "அண்ணை, புதன்கிழமை நீங்கள்தானே ஒட்டினது?"

"பிலோமினா, நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

அவ திரும்ப நூலை எடுத்தா. ஆனால் கட்டவில்லை.

நான் கிழவரைச் சமாளிக்கப் பார்த்தேன். இரண்டு கிழவரின் பெருமைச் சண்டை, இதற்கு என்ன பெரிய மருந்து என்பதுதான் என் எண்ணம். "ஒரு சின்னத் துண்டு அடிச்சு உள்ளுக்கு வைப்பம். இன்ன பக்கமும் இன்ன பக்கமும் மாறி வந்திட்டுது, திருத்தி வாசியுங்கோ எண்டு. அரை மணித்தியால வேலை" என்றேன். அவர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

அந்த நேரம் மிஸிஸ் லீ பெட்டிகளை ஏற்றக் காரோடு வந்தா. புத்தகத்தைத் திறந்தா. நின்றபடி ஒரு தரம் வாசித்தா. பிறகு கடதாசி அடுக்கில் இருந்துகொண்டு இன்னொரு தரம் வாசித்தா.

"என்ன, நீங்களும் அவர் மாதிரி..." என்று பகிடிபோலத் தொடங்கினேன்.

"அவற்ற பெருமையை விடுங்கோ. இப்ப வாத்தியாற்ற பாட்டு முதல் பாட்டு. அதுக்கு முன்னால ஒண்டும் இல்லை. சங்கமும் இல்லை, தலைவர் பதவியும் இல்லை. இந்த வருஷம், இந்த மாதம், ஹொங்கொங்கில இருந்து வந்த ஒரு ஆள் எழுதியிருக்கிறார்: கையெழுத்துப் போட்டவை என்னைக் கேக்கேல்லை, புது வீட்டில சோறு ஆறிப் போச்சு, பழைய வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். இதை வாசிக்கிறவன் ஆரை நினைப்பான்? புதுப்பெண் ஆர், புதுப் புருஷன் ஆர்?"

எனக்கு விளங்கிவிட்டது: புதுப்பெண் ஹொங்கொங், புதுப் புருஷன் சீன அரசு. சீனம் தெரியாவிட்டால் என்ன, இது எனக்குத் தெரிந்த பாஷை. அந்தக் காலத்தில் என் மெசினில் ஓடிய தமிழ்க் கவிதைகளில் "பெரிய மரம்" என்று ஒருவன் எழுதினால் எந்த மரம், எந்த இயக்கம் என்று ஸ்காபரோ முழுக்கத் தெரியும். ஊரில் தங்கச்சி இருக்கிறவன் சொந்தப் பேரில் எழுதமாட்டான். இரண்டு பேர் அச்சாகிற அன்று வந்து "அண்ணை, பேரை எடுத்துவிடுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறார்கள்.

"நாளைக்கு முதல் பிரதி ஆருக்குக் குடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"சீனத் தூதரகத்தில இருந்து ஒருத்தர் வாறார். பழைய கவிதை நல்லாய்த் தெரிஞ்சவர்." அவ புத்தகத்தை மூடினா. "வாத்தியாருக்குச் சீனாவில ஒரு அக்கா இருக்கிறா. எண்பத்தாறு வயசு, படுக்கையில. முப்பது வருஷமாய்க் காணேல்லை. போறதுக்கு விசா கேட்டுப் போன கிழமைதான் அதே தூதரகத்தில பாஸ்போட்டைக் குடுத்தவர்."

"ஒரு பாட்டுக்காக விசா குடுக்காமல் விடுவினமோ?"

"விட்டாலும் விடுவினம். ஒண்டும் நடக்காமலும் போகலாம். போகலாம் எண்டதை நம்பி அந்த மனிசியை நீங்கள் பந்தயம் வைப்பியளோ?"

நான் சிவத்தின் பக்கம் திரும்பினேன். "நிப்பாட்டு."

"அண்ணை, தேர் நோட்டீசு. நாலு மணிக்கு வருவினம்."

"நிப்பாட்டடா."

மெசின் நின்றது. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். பிழை தெரிந்தவுடன் கைக்கு வருகிற முதல் மருந்து அநேகமாக மோசமான மருந்து. துண்டு வைப்போம் என்றேன். வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? திருத்தத் துண்டு விரல் நீட்டுவது மாதிரி. எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் முதல் திறப்பார்கள், ஏன் மாற்றினார்கள், எதை மூடுகிறார்கள் என்று கேட்பார்கள். இலக்கம் பிழைத்தால் துண்டு வைக்கலாம். அர்த்தம் பிழைத்தால் வைக்கக்கூடாது.

அடுத்து எனக்கு வந்தது இதைவிட மோசம். "நடுத்தாளையே உருவி எறிவம். நாலு பக்கம் போகும், போனால் போகட்டும்." மிஸிஸ் லீ தலையாட்டினா. சங்கம் முழுக்க அந்தச் சண்டையை வாசிக்கத்தான் வருகிறது, தாளை உருவினால் வாத்தியார் பயந்து பின்வாங்கினார் என்று ஆகிவிடும், தலைவராக வந்த முதல் வருடமே மனிசன் தலை நிமிரமாட்டார் என்றா.

"அப்ப சரியாய் மாத்தி அடிப்பம். ஒரு தாள். பின்னைக் கழட்டிப் புதுத்தாளை வைச்சுத் திரும்பக் குத்துவம். முந்நூறும் இண்டைக்கு முடியும்."

"முடியுமோ?"

"நான் முடியும் எண்டால் முடியும்."

ஆனால் அவ இன்னும் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "மாத்தினாலும் காணாது. அவர் விருந்தாளி. வலக்கைப் பக்கத்தை விட்டிட்டு இடக்கைப் பக்கத்தை மட்டும் வாசிச்சால்? மேல 'பதில்' எண்டு இல்லையே. வாத்தியார் போட விடமாட்டார். கேட்டால் ஏன் எண்டு சொல்லவேணும், சொன்னால் அவர் இரவு முழுக்க நித்திரை கொள்ளமாட்டார்."

இதெல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் நின்று கேட்டார். ஒன்றை நினைத்துப் பாருங்கள். எதிரி விழப் போகிறான். இவர் தள்ளவில்லை, பிழை என்னுடையது. சும்மா இருந்தாலே போதும். அவர் புத்தகத்தை எடுத்து வாத்தியாரின் பாட்டைத் திரும்பவும் வாசித்தார். மூன்றாம் வரியில் நகத்தை வைத்தார்.

"ஐஞ்சு தரம் மாத்தியும் இந்த வரி சரிவரேல்லை" என்றார். "இப்பிடி ஒரு வரிக்காக ஒருத்தன் அகப்படக் கூடாது. நல்ல வரி எண்டால் பரவாயில்லை."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் தன் கடையிலிருந்து தூரிகையும் மைக்கல்லும் ஒரு சுருள் தாளும் கொண்டு திரும்பி வந்தார். பிலோமினா மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தா. மையை உரைத்தார். நின்றபடி எழுதினார். பிடிக்காமல் கிழித்தார். மூன்றாம் தரம் எழுதியதை மிஸிஸ் லீயிடம் கொடுத்தார். அவ வாசித்துவிட்டு அவரைப் பார்த்தா. பிறகு எனக்குச் சொன்னா:

"'இந்தப் பனிக்காலம் சங்கத்தார் என்னைத் தலைமையால் இறக்கினர். வயிறெரிந்து ஒரு பாட்டு எழுதினேன். நண்பர் என் எழுத்துகளையே எடுத்து என்னை நன்றாகப் பரிகசித்தார். இரண்டையும் அடுத்துக் காண்க.' பேரும் போட்டிருக்கிறார்."

வயிறெரிந்து என்று தானே எழுதி, தன் பேரையும் போட்டு, முந்நூறு பேர் கையில் கொடுக்கிறார். எட்டு வருடம் தலைவராக இருந்த மனிசன்.

"எழுத்தைச் சின்னதாக்காதே" என்றார் என்னிடம். "ஒரு பக்கம் முழுக்க வரவேணும். கண் தெரியாதவனும் வாசிக்கவேணும்."

அந்த நடுத்தாளில் பாட்டுகளுக்கு முந்திய பக்கம் ஒன்றுதான் இருந்தது. அது என் பக்கம். என் அச்சகத்தின் விளம்பரம், முழுப்பக்கம். கீழே "இந்நூலை அச்சிட்டோர்" என்று என் பேர், தமிழிலும் இங்கிலீசிலும், மிஸிஸ் லீயைக் கேட்டு எழுதுவித்த சீனத்திலும். சீன எழுத்தில் என் பேர் அச்சில் வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். வேறு இடமிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அட்டையிலிருந்து அதை உரித்தேன். அவர் எழுதியதை ஒட்டினேன். வலம் முதல், இடம் பிறகு என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பாட்டு இரண்டையும் ஒட்டினேன். இந்த முறை மிஸிஸ் லீயிடம் கையெழுத்து வாங்கித்தான் மெசினுக்குக் கொடுத்தேன்.

தாள் ஓடி முடிந்து மை காயும் மட்டும் முந்நூறு புத்தகத்திலும் பின் கழட்டினோம். பிலோமினா வெண்ணெய்க் கத்தியால் எப்படி நெம்புவது என்று காட்டிக் கொடுக்க, நானும் மிஸிஸ் லீயும் மருந்துக்கடைக்காரரும் மேசையைச் சுற்றி இருந்தோம். கிழவர் வேர் சீவுகிற கையால் எங்களைவிட வேகமாகக் கழட்டினார்.

சரியாக நாலு மணிக்குக் கோயில்காரர் இரண்டு பேர் வந்தார்கள். மேசையைப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணை, சீனரை வேலைக்கு வைச்சிட்டியளோ?"

"நோட்டீசு நாளைக்குக் காலமை கோயிலுக்குக் கொண்டுவந்து தாறன்."

"இண்டைக்கு எண்டுதானே சொன்னனீங்கள்? சாமியைவிட உது பெரிசோ?"

"இண்டைக்குப் பெரிசு."

அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. இரண்டு வருடம் அந்தக் கோயில் எனக்கு ஒரு துண்டும் தரவில்லை. காரணம் சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும், ஆனால் சொன்னால் அது ஞாயிற்றுக்கிழமைக்குள் நகரம் சுற்றிவிடும். வாயை மூடிக்கொண்டேன். வெளிச்சம் இருக்கும்போதே கடைசிப் புத்தகத்துக்குப் பின் குத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டீசைக் கோயிலில் போட்டுவிட்டு நானும் மண்டபத்துக்குப் போனேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசை தந்தார்கள். தூதரகத்துக்காரர் முதல் பிரதியை வாங்கித் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு நடுவுக்கு வந்தார். முதல் அந்தப் பெரிய எழுத்தை வாசித்தார், பக்கத்தைப் புரட்டினார், வாசித்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மேசை முழுக்கச் சிரித்தது. பாவம் வாத்தியார், ஒன்றும் தெரியாது. தன் பிரதியைத் திறந்தார். முன்னுரையைப் பார்த்ததும் அவருடைய உருண்டை முகத்தில் பகிடி எல்லாம் போய்விட்டது. மனிசன் முட்டாள் இல்லை. எந்தப் பாட்டு எந்த இடத்தில் நின்றால் என்னாகும் என்று அந்த மேசையிலேயே கணக்குப் பார்த்திருப்பார்.

எழும்பிப் போய், தேநீர்க் கேத்திலை எடுத்து, மருந்துக்கடைக்காரரின் கோப்பையைத் தானே நிரப்பினார். மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் மேசையில் மெல்லத் தட்டினார். அது அவர்களுடைய நன்றி. பிறகு ஏதோ சொன்னார், வாத்தியார் சிரித்தார். மிஸிஸ் லீயிடம் கேட்டேன். மூன்றாம் வரியைப் பற்றித்தானாம்.

வாத்தியார் அந்த ஆவணி மாதம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பாட்டு மாறி நின்றிருந்தாலும் போயிருப்பாரோ என்னவோ, தெரியாது. ஒன்றும் நடந்திருக்காது என்று இன்றைக்குச் சொல்வது சுகம். சனிக்கிழமை காலை அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை, அக்கா என்னுடையவ அல்ல.

போவதற்கு முந்திய கிழமை அவர் அச்சகத்துக்கு வந்தார். அதற்குள் மிஸிஸ் லீ நடந்ததைச் சொல்லியிருந்தா. முன்னுரையை மருந்துக்கடைக்காரர் எப்படி எழுதினார், இருந்துகொண்டா நின்றுகொண்டா, எத்தனை தரம் கிழித்தார் என்றெல்லாம் விசாரித்தார். கடைசியாகக் கேட்டார்: "பக்கம் எப்பிடி மாறினது?"

"அட்டை அப்பிடித்தான் வந்தது" என்றேன், திரும்பவும்.

அவர் "ஓ" என்று போனார். போர்த்துக்கீசக்காரர் சொன்னதில் முதல் பாதியை நான் செய்தேன், மெசினை நிப்பாட்டினேன். இரண்டாம் பாதியை இந்த வயது மட்டும் செய்யவில்லை. அந்த இரண்டு கிழவரும் இப்போது இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். ஒட்டியது நான்.

சில வருடத்துக்குப் பிறகு சங்கத்தார் ஒரு பெரிய மலர் போட்டார்கள், வேறு அச்சகத்தில். அந்தச் சண்டைக் கதையும் அதில் வந்ததாம். மருந்துக்கடைக்காரரின் பெரிய மனதைப் பற்றி இரண்டு பக்கம். எழுதவேண்டியதுதான். அச்சடித்தவனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. என் பேர் இருந்த ஒரே பக்கத்தையும் நானே அல்லவா உரித்துவிட்டேன்.

சங்கத்தாரிடம் நான் கேட்கப் போவதில்லை. உங்களிடம் கேட்கிறேன். அந்த "நடத்தியவர்" வரியை வெட்டிவிட்டு இப்படிப் போடுங்கள்: "சீனக் கவிதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தை மாறி ஒட்டியவர் இவர். ஒரே பகலில் முந்நூறு பிரதியிலும் அதைத் திருத்தியவரும் இவர்." கீழே என் பேர். பைண்டிங் பிலோமினா, மெசின் சிவம் என்றும் போடவேண்டும். இரண்டு வசனமும் ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும். முதலாவதைச் சின்னதாக்கி எனக்கு உதவி செய்யவேண்டாம், இரண்டாவதைச் சின்னதாக்க நான் விடமாட்டேன்.

புரூவை எனக்குக் காட்டாமல் மெசினுக்குக் கொடுக்காதீர்கள்.